தக்காளி விலைப் பக்கம் விழுந்தபோது: சர்வரை மாற்றுவதா, ஸ்கிரிப்டைத் திருத்துவதா?

2023 ஜூலை மாதம். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ஊர் உலகமெல்லாம் அதே பேச்சாக இருந்த நாட்கள். காலை 5.45 இருக்கும், பாலக்கோட்டிலிருந்து மண்டிக்காரர் அழைத்தார். "தம்பி, நம்ம விலைப் பக்கம் திறக்க மாட்டேங்குது. மாரண்டஅள்ளியில இருந்து மட்டும் பத்து பேர் போன் பண்ணிட்டாங்க. வண்டி ஏத்தலாமா வேண்டாமான்னு கேக்கறாங்க."

தர்மபுரியில் சின்ன அளவில் வெப்சைட் வேலை செய்து கொடுப்பவன் நான். அந்த மண்டிக்கு நான் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்ட், பிஎச்பி மொழியில் எழுதிய சிறு நிரல். 25 கிலோ பெட்டி அன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று, விவரங்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸிடம் கேட்டுக் காட்டும். அதற்கு மேல் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் பஞ்சப்பள்ளிப் பக்கம் காயைப் பறித்து வைத்துக்கொண்டு, பாலக்கோட்டுக்கு ஏற்றுவதா ராயக்கோட்டைக்கு ஏற்றுவதா என்று நிற்கிற விவசாயிக்கு, வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வது அந்த ஒரு எண்தான்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரையில் "கனெக்‌ஷன் ஃபெயில்டு" என்று இரண்டே சொற்கள். ஸ்கிரிப்டால் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று பொருள்.

அன்று மதியத்துக்குள் நான்கு யோசனைகள் வந்து சேர்ந்தன. வெப்சைட்டுக்கு சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவு, பெரிய பிளானுக்கு மாறச் சொன்னது. ஓசூரில் இருக்கும் நண்பர், "சொந்தமா ஒரு விபிஎஸ் எடுத்துடு, யாரையும் கேட்க வேண்டாம்" என்றார். விபிஎஸ் என்றால் நாமே நிர்வகிக்கும் வாடகை சர்வர். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "கிளவுட் டேட்டாபேஸ் போட்டுடுங்க மாமா, அவங்களே பாத்துப்பாங்க" என்றான். நான்காவது யோசனை மண்டிக்காரருடையது. "டேட்டாபேஸே இல்லாம முடியாதா தம்பி? முன்னெல்லாம் கரும்பலகையில எழுதிப் போட்டோம். ஆயிரம் பேர் வந்து பாத்தாலும் பலகை விழலையே?"

இந்த நான்கையும், இருக்கும் இடத்திலேயே ஸ்கிரிப்டைத் திருத்தும் வழியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் பிழை எண்

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், டேட்டாபேஸை நடத்தும் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் என்ன பிழை எண்ணைச் சொல்கிறது என்று தெரிய வேண்டும். என் ஸ்கிரிப்ட் அந்த எண்ணை விழுங்கிவிட்டு, வெறுமனே "கனெக்‌ஷன் ஃபெயில்டு" என்று போட்டது. அப்படி எழுதியது என் தவறு. பார்வையாளருக்குப் பிழை விவரத்தைக் காட்டக் கூடாது என்பது சரிதான். ஸ்கிரிப்ட் கையாளாமல் விட்ட பிழைச் செய்தி (எக்ஸெப்ஷன்) திரைக்கு வந்தால், அதன் கூடவே டேட்டாபேஸ் பயனர் பெயரும் சில நேரம் கடவுச்சொல்லும் வெளியே போய்விடும். ஆனால் திரையில் மறைத்ததை லாக் கோப்பில் எழுதி வைத்திருக்க வேண்டும். எண், செய்தி, நேரம் மூன்றும் ஒரு வரியில் இருந்தால் போதும்.

1045 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. 1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 2002 என்றால் பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் சர்வர் ஓடவில்லை, அல்லது ஸ்கிரிப்ட் தவறான இடத்தில் கதவைத் தட்டுகிறது. 2003 என்றால் வேறொரு கணினியில் இருக்கும் சர்வரை எட்ட முடியவில்லை. பிஎச்பியில் இதுவும் பெரும்பாலும் 2002 என்றே வரும். அப்போது வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலையும், மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான நுழைவாயிலான 3306 போர்ட்டையும் பார்க்க வேண்டும். 1040 என்றால் சர்வர் முழுவதும் நிரம்பிவிட்டது. 1203, 1226 இரண்டும் உங்கள் பயனர் கணக்குக்கு வைத்த வரம்பு நிரம்பியதைச் சொல்பவை. 2006 என்றால் இணைப்பு கிடைத்து, பிறகு நடுவில் அறுந்துபோனது.

1045-உம் 1040-உம் பார்வையாளருக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டிலும் பக்கம் திறக்காது. ஆனால் வைத்தியம் முற்றிலும் வேறு. கிருஷ்ணகிரியில் பயிற்சி மையம் ஒன்றுக்கு விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்த நண்பர் இதில் மாட்டிக்கொண்டார். கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் படிவம் விழுந்தது. ஹோஸ்டிங்கே சரியில்லை என்று முடிவு கட்டி, ஒரு வருடப் பணம் கட்டி வேறு இடத்துக்கு மாறினார். அங்கே புதிய டேட்டாபேஸுக்கும் அந்த மாற்றிய கடவுச்சொல்லையே கொடுத்து, அது எழுதியிருந்த கன்ஃபிக் கோப்பை அப்படியே ஏற்றினார். புது இடத்திலும் அதே 1045. என்னிடம் அனுப்பினார். கோப்பைத் திறந்தால், கடவுச்சொல்லின் நடுவில் ஒரு டாலர் குறி. அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தார். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியும் அதை ஒட்டி ஓர் எழுத்தும் வந்தால், பிஎச்பி அதை ஒரு மாறியின், அதாவது ஒரு மதிப்பைத் தாங்கும் இடத்தின், பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மாறி இல்லாததால் கடவுச்சொல்லின் பின்பாதி காணாமல் போய், முன்பாதி மட்டும் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. இரட்டை மேற்கோளை ஒற்றை மேற்கோளாக மாற்றினோம், படிவம் திறந்தது. அதற்கு ஆன நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. கட்டிய பணம் திரும்பவில்லை.

'இதே கணினி' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் ஸ்கிரிப்ட் "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்தால், பிஎச்பி நெட்வொர்க் வழியாகப் போகாது. சாக்கெட் என்னும் ஒரு கோப்பு வழியாகப் போகும். அதே கணினியின் எண் முகவரியான 127.0.0.1 என்று கொடுத்தால்தான் 3306 போர்ட் வழியாகப் போகும். சாக்கெட் கோப்பு இருக்கும் பாதை பிஎச்பியில் ஒன்றாகவும் மைஎஸ்க்யூஎல்லில் வேறாகவும் இருந்தால், சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 2002 வரும். அந்த நேரத்தில் லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு 127.0.0.1 போட்டுப் பாருங்கள். அதில் திறந்தால் சர்வரில் குற்றமில்லை.

எனக்கு வந்த எண் 1226. அதாவது என் கணக்குக்கு வைத்த இணைப்பு வரம்பு நிரம்பியிருந்தது. இது தெரிந்த பிறகுதான் நான்கு யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இருக்கும் இடத்திலேயே ஸ்கிரிப்டைத் திருத்துவது

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பல வெப்சைட்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒருவரே எல்லா இணைப்பையும் பிடித்துக்கொள்ளாதபடி ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். என் கணக்கில் அது 25. கேட்டால் குறைவாகத்தான் தெரியும். காலையில் உச்ச நேரத்தில் விநாடிக்கு நான்கு பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்று, வந்தவர்களைப் பதிவு செய்யும் ஆக்சஸ் லாக் சொன்னது. நான்கு பேருக்கு 25 இணைப்பு எப்படிப் போதாமல் போகும்?

ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தேன். மேல்பகுதிக் கோப்பு தனியாக ஓர் இணைப்பைத் திறந்தது. விலை அட்டவணை இன்னொன்றைத் திறந்தது. அடியில் "இதுவரை பார்த்தவர்கள்" என்று எண்ணிக்கை காட்டும் பகுதி மூன்றாவதைத் திறந்தது. ஒருவர் வந்தால் மூன்று இணைப்பு. அந்த எண்ணிக்கைப் பகுதிதான் உண்மையான முட்டுக்கட்டை. வருகிற ஒவ்வொருவருக்கும் டேட்டாபேஸில் ஒரே வரிசையில் இருக்கும் அதே எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒருவர் கூட்டி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருப்பார். காத்திருக்கும்போது தன்னிடம் இருக்கும் மூன்று இணைப்பையும் விடமாட்டார். கூட்டம் சேரச் சேர ஒரு பக்கம் முடிய இரண்டு விநாடி ஆனது.

கணக்கு எளிது. விநாடிக்கு வருபவர்கள், ஆளுக்கு எத்தனை இணைப்பு, அதை எத்தனை விநாடி பிடித்திருக்கிறார்கள், இந்த மூன்றையும் பெருக்கினால் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இணைப்புகள் கிடைக்கும். நான்கு, மூன்று, இரண்டு. பெருக்கினால் 24. இன்னும் ஒரே ஒருவர் வந்தால் வரம்பு உடைந்துவிடும். எண்ணிக்கைப் பகுதியைத் தூக்கிவிட்டு, ஒரே இணைப்பைத் திறந்து எல்லாக் கோப்புகளும் அதையே பயன்படுத்தும்படி மாற்றினேன். இப்போது ஒரு பக்கத்துக்கு 0.05 விநாடி. நான்கு பெருக்கல் ஒன்று பெருக்கல் 0.05 என்றால் 0.2. அதாவது ஐந்து விநாடியில் நான்கு விநாடி அந்தப் பக்கத்துக்காக ஒரு இணைப்பும் திறந்திருக்காது.

இந்த வழிக்குச் செலவு என்று பார்த்தால் ஒரு நாள் உழைப்பு மட்டும்தான். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. "இணைப்பைத் திறந்து மூடுவதுதான் நேரம் பிடிக்கிறது, பெர்சிஸ்டன்ட் இணைப்பு போடு" என்று பலரும் சொல்வார்கள். பக்கம் முடிந்த பிறகும் பிஎச்பி இணைப்பை மூடாமல் அடுத்தவருக்காக வைத்திருப்பது அது. வரம்பு தாராளமாக இருக்கும் சொந்த சர்வரில் அது உதவும். 25 மட்டும் இருக்கும் ஷேர்டு கணக்கில், வேலையில்லாமல் தூங்கும் இணைப்புகளே வரம்பை நிரப்பிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு அமைப்பில், சும்மா இருக்கும் ஓர் இணைப்பை அது 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம், பொறுத்துக்கொள்ளும். காலை 6 மணிக்குத் தூங்கிய இணைப்பு மதியம் 2 மணி வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொரு தவறும் அடிக்கடி கண்ணில் படுகிறது. இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்புவது. எஸ்எம்எஸ் சேவை பதில் சொல்ல மூன்று விநாடி எடுத்தால், அந்த மூன்று விநாடியும் டேட்டாபேஸ் இணைப்பு சும்மா காத்திருக்கும். வேண்டிய விவரத்தை எடுத்துக்கொண்டு இணைப்பை மூடிவிட்டு, அப்புறம் எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும்.

உதவிப் பிரிவு சொன்ன பெரிய பிளானைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிழை 1226 ஆக இருந்து, ஸ்கிரிப்ட் சுத்தமாக இருந்து, கூட்டமும் உண்மையிலேயே பெருகியிருந்தால் வாங்கலாம். ஒருவருக்கு மூன்று இணைப்பு திறக்கும் ஸ்கிரிப்டோடு வாங்கினால், அடுத்த விலையேற்றத்தில் மறுபடி விழும்.

சொந்தமாக விபிஎஸ்

ஓசூர் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு இணைப்பு வரம்பு 151. சொந்த சர்வர் என்றால் அதை நாமே கூட்டிக்கொள்ளலாம். லாக் எல்லாம் நம் கையில் இருக்கும். யார் இணைப்பைப் பிடித்திருக்கிறார்கள் என்று பிராசஸ் லிஸ்டில் கண்ணால் பார்க்கலாம். பிழை தேடுபவனுக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆனால் ஷேர்டு ஹோஸ்டிங்கில் வராத ஒரு பிழை இங்கே வரும். ஒரு ஜிபி ராம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஒரே நினைவகத்தைப் பங்குபோடுகின்றன. கூட்டம் வந்து பிஎச்பி வேலையாட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் பிஎச்பி நிரல்கள்) பெருகி, நினைவகம் தீர்ந்தால், லினக்ஸ் தானாகவே ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் மைஎஸ்க்யூஎல்தான் பலியாகும். உடனே எல்லாப் பக்கங்களிலும் 2002. இணைப்பு வரம்பை 151-லிருந்து 500 ஆக ஏற்றியவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் கொஞ்சம் நினைவகம் தேவை. சரியான திசை இதற்கு நேரெதிரானது. பிஎச்பி வேலையாட்களின் உச்ச எண்ணிக்கையை ராமுக்கு ஏற்றபடி குறைத்து, அது டேட்டாபேஸ் வரம்புக்குள் அடங்கும்படி வைக்க வேண்டும். மற்றவர்கள் அரை விநாடி வரிசையில் நிற்பார்கள், அதனால் கெடுதல் இல்லை.

அது தவிர டிஸ்க் நிரம்புவது, பேக்கப், பாதுகாப்பு அப்டேட், 3306 போர்ட் உலகத்துக்குத் திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் நம் தலையில்தான். தக்காளிப் பக்கம் விழுந்தால் அது காலை 5 மணிக்குத்தான் விழும். அந்த நேரத்தில் எழுந்து சர்வருக்குள் நுழைந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டுமே விபிஎஸ் எடுக்கலாம். தனி ஆளாக இருக்கும் என்னால் ஒவ்வொரு நாளும் அதற்கு உறுதி சொல்ல முடியாது. நான் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போன நாளில் அந்தப் பக்கம் விழுந்தால், காயோடு நிற்கும் விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

கிளவுட் டேட்டாபேஸ்

அக்கா மகன் சொன்ன வழியில் பேக்கப்பும் அப்டேட்டும் அவர்கள் பொறுப்பு. உயிரான தரவு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஸ்கிரிப்ட் ஓரிடத்திலும் டேட்டாபேஸ் வேறோரிடத்திலும் இருக்கும்போது நடுவில் ஒரு நெட்வொர்க் வந்துவிடுகிறது. வேறு கணினியை எட்ட முடியாத பிழை (2003, பிஎச்பியில் பெரும்பாலும் 2002) அப்போதுதான் அறிமுகமாகும். ஷேர்டு சர்வரின் ஐபி முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஹோஸ்டிங்காரர் அந்த ஐபியை மாற்றினால் பக்கம் அன்றைக்கே நிற்கும். தாமதமும் உண்டு. போய் வர 30 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு 40 முறை டேட்டாபேஸைக் கேட்கும் ஸ்கிரிப்ட் காத்திருப்பிலேயே 1.2 விநாடியைக் கழிக்கும். இணைப்பு அவ்வளவு நேரம் திறந்தே இருக்கும். மேலே போட்ட பெருக்கல் கணக்கு இங்கேயும் பொருந்தும். சின்ன கிளவுட் பிளான்களிலும் இணைப்பு வரம்பு உண்டு. ஸ்கிரிப்டையும் அதே இடத்துக்குக் கொண்டுபோக முடிந்தால்தான் இதைப் பற்றி யோசிக்கலாம். விலைப் பலகைக்கு இவ்வளவு வேண்டாம்.

கரும்பலகை

கடைசியில் மண்டிக்காரர் கேட்டதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரு காலைப் பொழுதில் விலை மூன்று நான்கு முறை மாறும். அதைப் பல நூறு பேர் பார்க்கிறார்கள். மாறாத ஒரு எண்ணை ஒவ்வொருவருக்காகவும் டேட்டாபேஸிடம் புதிதாகக் கேட்பதில் என்ன அர்த்தம்? அவர் விலையைப் பதிவு செய்யும் அந்த நொடியில் ஸ்கிரிப்ட் ஒரு எச்டிஎம்எல் கோப்பை எழுதி வைத்துவிட்டால், பார்ப்பவர்கள் அந்தக் கோப்பை மட்டும் படிப்பார்கள். டேட்டாபேஸ் பக்கமே வரமாட்டார்கள். அவர் பலகையில் சாக்பீஸால் எழுதிய அதே முறைதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. நேராக அந்தக் கோப்பிலேயே எழுதினால், பாதி எழுதிய நிலையில் ஒருவர் படித்துவிடக்கூடும். தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்ற வேண்டும். ஒரே டிஸ்க்குக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடந்து முடியும். படிப்பவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், இல்லையென்றால் புதியது முழுதாகக் கிடைக்கும்.

இதன் ஆபத்தும் பெரியதுதான். டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் பக்கம் திறக்கும், நேற்றைய விலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். தவறான விலையை நம்பி வண்டி ஏற்றுவது, விலையே தெரியாமல் இருப்பதைவிட மோசம். அதனால் விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் நேரத்தைப் போட்டேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் விலையை மறைத்துவிட்டு, "இன்றைய விலை இன்னும் வரவில்லை, மண்டிக்கு அழைக்கவும்" என்று உலாவியில் ஓடும் சிறு நிரல் காட்டும்.

எஸ்க்யூலைட்டையும் யோசித்தேன். 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் டேட்டாபேஸ் அது. தனி சர்வர் கிடையாது, ஒரே கோப்புதான். ஆகவே இணைப்புப் பிழை என்ற பேச்சே இல்லை. ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இருவர் முட்டினால் "டேட்டாபேஸ் ஈஸ் லாக்டு" என்று வரும். காத்திருக்கும் நேரத்தைச் சில விநாடியாக அமைத்துவிட்டால் சின்ன வேலைக்கு அது தெரியவே தெரியாது. ஒருவர் எழுதி ஆயிரம் பேர் படிக்கும் எந்தப் பக்கத்துக்கும், புதிதாகத் தொடங்குவதென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லில் இருப்பதால் மாற்றவில்லை.

மண்டிக்குள் விவசாயிகளின் எடைக் கணக்கும் பட்டுவாடாவும் எழுதும் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே கரும்பலகை முறை செல்லாது. ஒவ்வொரு பெட்டியும் டேட்டாபேஸில் ஏறியாக வேண்டும். அந்தப் பகுதியில் மட்டும் மறுமுயற்சி வைத்தேன். 1040, 1226, 2006 வந்தால் அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று இடைவெளி விட்டு மூன்று முறை முயலும். எல்லாரும் ஒரே நொடியில் மோதாதபடி இடைவெளியில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். 2006 இணைப்பின் நடுவில் வருவதால், ஒரே பெட்டி இரண்டு முறை ஏறிவிடாதபடி ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறேன். 1045 வந்தால் முயலாது, உடனே எனக்கு எஸ்எம்எஸ் வரும். தவறான கடவுச்சொல்லை எத்தனை முறை கொடுத்தாலும் அது தவறான கடவுச்சொல்தான்.

ஆக, எங்கள் பக்கத்துக்கு நான் எடுத்தது ஸ்கிரிப்டைத் திருத்தும் வழியும் கரும்பலகை வழியும். பழைய ஷேர்டு ஹோஸ்டிங், பழைய பிளான். எடைக் கணக்கு பெரிதாகி இன்னும் இரண்டு மண்டிகள் சேர்ந்தால், அந்தப் பகுதியை மட்டும், ஸ்கிரிப்டோடு சேர்த்து, பேக்கப் பார்த்துக்கொள்ளும் கிளவுடுக்கு மாற்றலாம் என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். மண்டிக்காரர் தினமும் காலையில் விலையைப் போட்டதும் தன் போனிலேயே ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். நேரம் சரியாக இருந்தால் எனக்கு அழைப்பு வராது.